மனுவில் தலைப்பெழுத்து, சுருக்கம், நிறுத்தக்குறி: பிழையில்லாமல் எழுத முழு வழிகாட்டி

வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கோ மனு எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைப்பிங் கடையிலும் இ-சேவை மையத்திலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் உதவும். உதாரணங்கள் எல்லாம் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துப் பெயர்கள், ஊர்கள்.

புதிதாக வருகிறவர்கள் அனேகமாக ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மளமளவென்று மனுவை அடித்துவிடுவார்கள். புள்ளி, கோடு, தலைப்பெழுத்து (இனிஷியல்) எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. கடைசியில் பார்த்தால் ஒரே ஆளின் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். எது சரி என்று கேட்க மனுதாரர் பக்கத்தில் இருக்க மாட்டார், பஸ் ஏறியிருப்பார். அதனால் பெயர், ஊர், எண் மூன்றையும் எழுத உட்காரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சுருக்கங்கள் நடுவில் வரட்டும். நிறுத்தக்குறியைக் கடைசியில் சரிபார்க்கலாம்.

எழுதும் முன் மேஜைமேல் இருக்க வேண்டியவை

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மனு எதைப் பற்றியதோ அதற்கான மூல ஆவணம். நிலம் என்றால் சிட்டாவும் பத்திர நகலும். படிப்பு என்றால் மாற்றுச் சான்றிதழ். முன்பே மனு கொடுத்திருந்தால் அதற்கு வந்த பதில் கடிதம். மனுதாரர் வாயால் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள். வீட்டில் அழைக்கிற பெயரையும் ஊரார் சொல்கிற ஊர்ப்பெயரையும்தான் சொல்வார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

1. பெயரை ஆவணத்திலிருந்து எடுங்கள்

ஆவணங்களில் பெயர் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது சகஜம். அப்போது எந்தப் பெயரை எழுதுவது? மனு எந்த ஆவணத்தை வைத்து முடிவாகுமோ, அதில் உள்ள பெயர்தான் முதல் பெயர். பட்டா மாறுதல் கேட்டால் சிட்டாவில் உள்ள பெயர். மதிப்பெண் சான்றிதழில் திருத்தம் கேட்டால் பள்ளி ஆவணத்தில் உள்ள பெயர். எழுத்தர் அந்த ஆவணத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் உங்கள் மனுவைப் படிப்பார். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருந்தால்தான் அடுத்த வரிக்குப் போவார்.

இன்னொரு பெயரும் புழக்கத்தில் இருந்தால் ஒரே ஒரு இடத்தில், முதல் தடவை வரும்போது, ‘குப்புசாமி என்கிற குப்பண்ணன்’ என்று எழுதுங்கள். ‘குப்புசாமி (எ) குப்பண்ணன்’ என்று சுருக்குகிற பழக்கம் பத்திரங்களில் உண்டு. மனுவில் ‘என்கிற’ என்று முழுதாகவே போடலாம். நான்கு எழுத்தில் என்ன குறைந்துவிடப் போகிறது.

2. தலைப்பெழுத்து எது என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பிழை வருவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தமிழில் பெயர் எழுதினால் தலைப்பெழுத்தும் தமிழ்ப் பெயரின் முதலெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தின் ஓசையைத் தமிழில் எழுதக்கூடாது. அப்பா குப்புசாமி என்றால் ‘கு.’ தான். ‘கே.’ என்று எழுதினால் அது குப்புசாமியா, கேசவனா, கந்தசாமியா என்று யாருக்கும் தெரியாது. பெயரைத் தமிழில் எழுதும்போது தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையே போட்டிருக்கிறது.

முதலெழுத்து என்றால் உயிர்மெய்யை முழுதாக எடுக்க வேண்டும். செல்லமுத்துவுக்கு ‘செ.’, பொன்னுசாமிக்கு ‘பொ.’, ஞானசேகரனுக்கு ‘ஞா.’. குறிலும் நெடிலும் இங்கே ஆளையே மாற்றிவிடும்: வெங்கடாசலம் ‘வெ.’, வேலுசாமி ‘வே.’. ராமசாமி என்று ஆவணத்தில் இருந்தால் ‘ரா.’, இராமசாமி என்று இருந்தால் ‘இரா.’ என்று இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும். வெறும் ‘இ.’ போட்டால் அது இளங்கோவாகவும் இருக்கலாம்.

இரண்டு தலைப்பெழுத்து இருந்தால் ஊர் முதலில், தந்தை பெயர் அடுத்து. ஈ.வெ. ராமசாமி என்பதில் ஈ என்பது ஈரோடு, வெ என்பது வெங்கடப்பர். தி.சு. அவினாசிலிங்கம் என்பதில் தி திருப்பூருக்கு, சு சுப்ரமணியத்துக்கு. இந்த வரிசையைப் புரட்டினால் அப்பா பெயரை ஊராகவும் ஊரை அப்பாவாகவும் படிப்பார்கள்.

ஜி.டி. நாயுடு என்று ஊர் உலகத்துக்கே தெரிந்த பெயரை ‘கோ.து. நாயுடு’ என்று மாற்றிக் கிளம்பாதீர்கள். மறைந்தவர் பெயரும் நிலைத்துவிட்ட பெயரும் நிலைத்தபடியே இருக்கட்டும். நிறுவனப் பெயர், கல்லூரிப் பெயர், அறக்கட்டளைப் பெயர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படி.

கல்யாணமான பெண்களின் பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். இப்படித்தான் பேச்சு வரும்:

“ஏனுங்கம்மா, உங்க பேருக்கு முன்னால என்ன எழுத்துங்க?”

“பள்ளிக்கூடத்துல பொ-னு இருந்துச்சுங்க. கண்ணாலத்துக்கு அப்புறம் சு-னு எழுதறனுங்க. ரேசன் கார்டுல எழுத்தே இல்லீங்க.”

மூன்றுமே உண்மைதான். மனுவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதற்கு இணைப்புப் பாலமாகத் தந்தை பெயரையும் கணவர் பெயரையும் முழுதாக எழுதிவிட வேண்டும்: ‘சு. மயிலாத்தாள், த/பெ. பொன்னுசாமி, க/பெ. சுப்பிரமணியம்’. இந்த ஒரு வரி இருந்தால் பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் குடும்ப அட்டையும் ஒரே ஆளுடையவை என்று மனுவிலேயே தெரிந்துவிடும்.

பான் அட்டைக்கான விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் தலைப்பெழுத்தை ஏற்க மாட்டார்கள். விரித்து எழுதச் சொல்வார்கள். அதனால் அந்த இரண்டிலும் அப்பா பெயர் முழுதாக உட்கார்ந்திருக்கும். அவற்றின் நகலை இணைக்கிற மனுவில் த/பெ. வரியை ஒருபோதும் விடாதீர்கள்.

3. புள்ளி, இடைவெளி, வரி முறிவு

ஒவ்வொரு தலைப்பெழுத்துக்குப் பின்னும் புள்ளி. தலைப்பெழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இல்லை. கடைசிப் புள்ளிக்கும் பெயருக்கும் நடுவே ஓர் இடைவெளி: ‘தி.சு. அவினாசிலிங்கம்’. ஒட்டி எழுதுகிறவர்களும் உண்டு, அது தப்பில்லை. ஆனால் ஒரே மனுவில் இரண்டும் கலக்கக்கூடாது. கணினியில் தேடும்போது இடைவெளியுள்ள பெயரும் இடைவெளியில்லாத பெயரும் வேறு வேறு பெயர்கள்.

போனில் அடிக்கிறவர்கள் புள்ளியையே விட்டுவிடுகிறார்கள். ‘மனுதாரர் கு செல்லமுத்து’ என்று வந்தால் ‘கு’ வேற்றுமை உருபு மாதிரி முன் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, ‘மனுதாரருக்கு’ என்பதைத் தப்பாக அடித்துவிட்டார்களோ என்று நினைக்கத் தோன்றும். ஆங்கில ஆதாரில் எழுத்து பெயருக்குப் பின்னால் வருவதைப் பார்த்து ‘செல்லமுத்து கு.’ என்று எழுதுவதும் நடக்கிறது. தமிழில் எழுத்து முன்னால்தான்.

தலைப்பெழுத்து ஒரு வரியின் ஓரத்திலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து விழுந்தால் பார்க்கவும் நன்றாக இராது, படிக்கவும் குழப்பம். வேர்டில் அடிக்கிறீர்கள் என்றால் அந்த இடைவெளிக்குக் கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் அடியுங்கள். பெயர் பிரியாது.

ஒரு சின்னச் சிக்கல், கண்ணுக்கே தெரியாது. கௌசல்யாவின் ‘கௌ’ ஒரே எழுத்து. அதைக் ‘கெ’, ‘ள’ என்று இரண்டாக அடித்தாலும் திரையில் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். கணினி அதை வேறு பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். இணையத்தில் பதிவேற்றுகிற விண்ணப்பம் என்றால் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. மரியாதைச் சொற்கள்

‘திரு’ என்பதற்குப் புள்ளி வைப்பதும் வைக்காததும் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ‘திருமதி’, ‘செல்வி’, ‘முனைவர்’ எல்லாம் முழுச்சொற்கள். அவற்றுக்குப் புள்ளி வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே நம் பெயருக்கு நாமே ‘திரு’ போட்டுக்கொள்ளக் கூடாது. ‘அவர்கள்’ சேர்ப்பதும் அப்படித்தான். ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்கு, ‘மாண்பமை’ நீதிபதிகளுக்கும் நீதிமன்றத்துக்கும். ஆட்சியருக்கு இரண்டும் வேண்டாம்.

‘லேட்’ என்று எழுதுவது எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் பரவிவிட்டது. மனுவில் ‘காலஞ்சென்ற’ என்று எழுதுங்கள். ‘லேட். திரு. குப்புசாமி அவர்கள்’ என்று மூன்றையும் சேர்த்து அடிக்கிறவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை.

5. ஊரும் பதவியும்: எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது

முகவரியில் ஊர்ப்பெயரைச் சுருக்கவே கூடாது. பேச்சில் கோவை, கோபி, உடுமலை. மனுவில் கோயம்புத்தூர், கோபிசெட்டிபாளையம், உடுமலைப்பேட்டை. பெ.நா. பாளையம், எஸ்.எஸ். குளம், கே.ஜி. சாவடி என்பதெல்லாம் நமக்குப் பழகிய பெயர்கள்தான். ஆனால் பக்கத்து மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்த அலுவலருக்குப் பெரியநாயக்கன்பாளையம், சர்க்கார் சாமக்குளம், கந்தேகவுண்டன் சாவடி என்று விரித்தால்தான் விளங்கும்.

புதூர், புதுப்பாளையம், வலசு என்று முடிகிற ஊர்கள் கொங்கு நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் உண்டு. அதனால் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் அஞ்சல், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண் நான்கையும் எழுதுங்கள். எண்ணுக்கு முன் ஒரு சிறு கோடு: ‘பெருந்துறை – 638 052’.

பதவிப் பெயர்களில் வ.ஆ., வ.வ.அ., கி.நி.அ. (கிராம நிர்வாக அலுவலர்) என்ற சுருக்கங்கள் அலுவலகத்துக்குள்ளே ஓடுபவை. வ.ஆ. என்றால் வருவாய் ஆய்வாளர், வ.வ.அ. என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். இரண்டும் வேறு வேறு துறை. ஓர் எழுத்து விட்டுப்போனால் மனு சம்பந்தமில்லாத மேஜைக்குப் போய்ச் சேரும். பெறுநர் பகுதியில் பதவியை முழுதாகவே எழுதுங்கள். அங்கே அலுவலரின் சொந்தப் பெயர் வேண்டாம். அவர் மாறுதலாகிப் போனாலும் மனு அந்த நாற்காலிக்குத்தான் வர வேண்டும்.

6. மனுவின் மேற்பகுதியைக் கட்டுங்கள்

‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ இரண்டிலும் ‘நர்’ தான், ‘னர்’ இல்லை. முகவரியில் ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி, கடைசி வரியில் முற்றுப்புள்ளி. ‘ஐயா,’ என்ற விளிக்குப் பின் காற்புள்ளி. ஆணா பெண்ணா தெரியாவிட்டால் ‘ஐயா / அம்மா,’.

‘பொருள்’ வரிதான் முழு மனுவிலும் அதிகம் படிக்கப்படும் வரி. பதிவேட்டில் ஏறுவதும் அதுதான். அலுவலக நடையில் அது வாக்கியமாக வராது. பெரியதிலிருந்து சிறியதுக்குக் கோடு போட்டு இறங்கும்:

பொருள்: பட்டா – ஈரோடு மாவட்டம், பெருந்துறை வட்டம் – புதுப்பாளையம் கிராமம் – புல எண் 124/2 – பட்டாதாரர் தந்தை பெயரில் பிழை – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

கோடு ஒரு படியை முடித்து அடுத்த படியைத் தொடங்குகிறது. ஒரே படிக்குள் இரண்டு விவரம் வந்தால் (மாவட்டம், வட்டம் மாதிரி) அங்கே மட்டும் காற்புள்ளி. எல்லா இடத்திலும் காற்புள்ளியே போட்டால் எங்கே ஊர் முடிகிறது, எங்கே கோரிக்கை தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

‘பார்வை’ என்ற தலைப்பில் முந்தைய கடிதங்களை 1, 2 என்று எண் போட்டு எழுதுங்கள். ‘ந.க. எண்’, ‘அரசாணை (நிலை) எண்’ என்பவற்றைக் கடிதத்தில் உள்ளபடியே, புள்ளி, அடைப்புக்குறி, சாய்கோடு எதையும் மாற்றாமல் எடுத்தெழுத வேண்டும். நாளையும் விடக்கூடாது. அப்புறம் மனுவின் உள்ளே ‘பார்வை 1-இல் காணும் கடிதம்’ என்று சொன்னால் போதும். அந்த நீள எண்ணைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

7. உள்ளடக்கத்தை முழுச்சொல்லில் எழுதி, அப்புறம் சுருக்குங்கள்

முதல் படியை எழுதும்போது எதையும் சுருக்காதீர்கள். முழுதாக எழுதி முடித்தபின் எந்தப் பெயர் மூன்று தடவைக்கு மேல் வருகிறது என்று பாருங்கள். அதை மட்டும் சுருக்கலாம். முதல் தடவை முழுப்பெயரும் அடைப்புக்குள் சுருக்கமும். அடுத்த தடவையிலிருந்து சுருக்கம் மட்டும். ஒரே தடவை வருகிற பெயருக்குச் சுருக்கம் எதற்கு?

நாமே சுருக்கம் கண்டுபிடிப்பதும் வேண்டாம். பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டத்தைப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பி.ஏ.பி. என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கீழ்பவானிக் கால்வாயை ஈரோட்டுப் பக்கம் எல்.பி.பி. வாய்க்கால் என்கிறார்கள். தமிழ்ப்பற்றில் ‘ப.ஆ.பா.தி.’ என்று ஒன்றை உண்டாக்கினால் பாசனப் பிரிவில் உள்ளவருக்கும் புரியாது, மனுதாரருக்கும் புரியாது. ஒன்று முழுப்பெயர், இல்லாவிட்டால் எல்லோருக்கும் தெரிந்த சுருக்கம்.

பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது இன்னொரு வம்பு உண்டு. மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, வருடத்துக்கு ௵ என்று குறிகள் இருக்கும். டைப் அடித்த பத்திரங்களில் முதல் குறியை ‘ஷை’ என்று அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் புது மனுவில் ‘ஷை நிலம்’ என்று எழுதாதீர்கள். ‘மேற்படி நிலம்’ என்று விரியுங்கள். அதே மாதிரி ‘பு.ஏ.’ என்பதைப் ‘புஞ்சை … ஏக்கர்’ என்றும், ‘ரீ.ச.எண்’ என்பதை ‘ரீசர்வே எண்’ என்றும் விரித்துவிடுங்கள்.

அளவுகளில் கி.மீ., செ.மீ., ச.அடி எல்லோருக்கும் தெரிந்தவை, சுருக்கியே எழுதலாம். ‘கி.’ மட்டும் தனியாக வேண்டாம். கிராமா கிலோவா என்ற சந்தேகம் வரும். ‘கிலோ’ என்று எழுதினால் தீர்ந்தது. வாக்கியம் சுருக்கத்தில் முடிந்தால் ஒரு புள்ளியே போதும்: ‘பள்ளிக்கு உள்ள தூரம் 4 கி.மீ.’ இரண்டு புள்ளி வைக்கத் தேவையில்லை.

8. நில அளவு, பணம், நாள்: ஒரு புள்ளி எவ்வளவு பூமியைத் தின்னும்

நில மனுக்களில் புள்ளியும் காற்புள்ளியும் அலங்காரம் இல்லை, அளவே அவைதான்.

முதலில் புல எண் (சர்வே எண்). ‘124/1, 2’ என்று எழுதினால் அது 124/1-உம் 124/2-உமா, 124/1-உம் தனியாகப் புல எண் 2-உமா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் முழுதாக எழுதுங்கள்: ‘புல எண்கள் 124/1, 124/2’. சிட்டாவில் உட்பிரிவு எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் அதையே எழுதுங்கள். நாமாக அ, ஆ என்று மாற்றினால் கணினியில் அந்த உட்பிரிவு கிடைக்காது.

அடுத்தது பரப்பு. ‘1.5 ஏக்கர்’ என்பதைக் கணக்குப்படி பார்த்தால் ஒரு ஏக்கர் ஐம்பது சென்ட். பூமிக் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைச் சென்ட்டாகவே படித்துப் பழகியவர் அதை ஒரு ஏக்கர் ஐந்து சென்ட் என்று வாசித்துவிடுவார். வித்தியாசம் 45 சென்ட். அதனால் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம்: 1.50 அல்லது 1.05. அதோடு அடைப்புக்குள் ‘1 ஏக்கர் 50 சென்ட்’ என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சிட்டாவில் பரப்பு ஏக்கரில் இருக்காது. ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ‘0 – 45.50’ என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 45.50 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஆக அந்த நிலம் ஏறத்தாழ 1 ஏக்கர் 12 சென்ட். இதை ‘0.45 ஏக்கர்’ என்று பார்த்து எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனுதாரரின் பூமியில் பாதிக்கு மேல் தாளிலேயே காணாமல் போய்விடும். சிட்டாவில் இருந்து எடுத்தால் ‘0 ஹெக்டேர் 45.50 ஏர்’ என்று அலகோடு எழுதுங்கள்.

பணத்துக்கு ‘ரூ.’ அல்லது ‘ரூபாய்’, ஏதாவது ஒன்று. ‘ரூ.5,000 ரூபாய்’ என்று இரண்டும் வருவது அன்றாடப் பிழை. காற்புள்ளி நம் கணக்குப்படி: ரூ.1,25,000. கோரிக்கைத் தொகை, இழப்பீட்டுத் தொகை மாதிரி முக்கியமான இடத்தில் எழுத்தாலும் எழுதுங்கள்: ‘ரூ.1,25,000 (ரூபாய் ஒரு இலட்சத்து இருபத்தைந்தாயிரம் மட்டும்)’.

நாளுக்குப் புள்ளி: 03.04.2024. சாய்கோடு போட்டு ‘3/4/24’ என்று எழுதினால் நில மனுவில் அது புல எண் மாதிரியே தெரியும். சாய்கோட்டைப் புல எண்ணுக்கும் கதவு எண்ணுக்கும் விட்டுவிடுங்கள். நேரத்துக்குக் ‘காலை 10.30 மணி’ போதும், ‘மு.ப.’ போட்டால் ‘காலை’ வேண்டாம்.

9. வாக்கியத்துக்குள் குறிகள்

காற்புள்ளிதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. வாரிசுச் சான்று மனுவில் அதன் பலம் தெரியும். ‘என் அண்ணன் ராமசாமி, சுப்பாத்தாள் ஆகியோர்’ என்றால் வாரிசு இரண்டு பேர். ‘என் அண்ணன், ராமசாமி, சுப்பாத்தாள் ஆகியோர்’ என்றால் மூன்று பேர். உறவுமுறைக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி போடுவதற்கு முன் எத்தனை தலை என்று எண்ணிப் பாருங்கள். வாரிசு அதிகமாக இருந்தால் வாக்கியத்தை விட்டுவிட்டு அட்டவணை போடுவதே மேல்.

பட்டியலின் கடைசிச் சொல்லுக்கும் ‘ஆகிய’ என்பதற்கும் நடுவே காற்புள்ளி இல்லை: ‘பவானி, அந்தியூர், பெருந்துறை ஆகிய வட்டங்கள்’. ‘உம்’ போட்டால் காற்புள்ளியே தேவையில்லை: ‘தென்னையும் மஞ்சளும் வாழையும்’. ‘ஆகியவை’, ‘முதலியவை’ இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். ‘ஆகியவை’ என்றால் சொன்னது அவ்வளவுதான். ‘முதலியவை’ என்றால் இன்னும் உண்டு. மழையில் சேதமான பயிருக்கு இழப்பீடு கேட்கிற மனுவில் ‘முதலியவை’ என்று எழுதினால், மற்றவை எவை என்று கேட்டு மனு திரும்பி வரும்.

அரைப்புள்ளியை எங்கே போடுவது என்று பலருக்குத் தயக்கம். மனுவில் அதற்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது: உள்ளே ஏற்கனவே காற்புள்ளி உள்ள பட்டியலைப் பிரிப்பது. ‘புல எண் 124/1, 0.50 ஏக்கர், தென்னை; புல எண் 124/2, 1.00 ஏக்கர், மஞ்சள்.’

வினாக்குறி கேள்விக்கு மட்டும். ‘ஏன் நிறுத்தப்பட்டது என்று தெரியவில்லை’ என்பது கேள்வி இல்லை, செய்தி, அதற்கு முற்றுப்புள்ளிதான். உணர்ச்சிக்குறியை ஃபிளெக்ஸ் பேனருக்கு விட்டுவிடலாம். மேற்கோள் குறி, அறிவிப்பில் அல்லது கடிதத்தில் உள்ள வாசகத்தை அப்படியே எடுத்தெழுதும்போது மட்டும். அழுத்தம் கொடுக்க மேற்கோள் போட்டால் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும்: உங்கள் ‘உடனடி’ நடவடிக்கைக்கு நன்றி என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

10. எண்ணுக்கும் சுருக்கத்துக்கும் உருபு சேர்த்தல்

எண்ணோடு உருபு வரும்போது நடுவில் சிறுகோடு: 2024-ஆம் ஆண்டு, 12.06.2024-இல், ரூ.5,000-க்கு. ‘2024ல்’ என்று ஒட்டினால் மங்கலான ஜெராக்ஸில் ‘ல்’ இன்னொரு இலக்கம் மாதிரி விழும். எழுத்துச் சுருக்கத்தில் புள்ளி இருப்பதால் கோடு வேண்டாம்: 4 கி.மீ.க்கு, ஈ.வெ.ரா.வின்.

11. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

கடைக்கு வருகிற மனுக்கள் இந்த மாதிரிதான் இருக்கும்:

‘ஐயா வணக்கம் என் அப்பா லேட். திரு குப்புசாமி அவர்கள் பேரில் ச.எ 124/1,2ல் 1.5 ஏ பூமி உள்ளது எல்பிபி தண்ணி பாய்ந்து வந்த நிலையில் 3/4/24 முதல் வரவில்லை ஏன் என்று தெரியவில்லை???’

திருத்தியபின்:

‘ஐயா, வணக்கம். காலஞ்சென்ற என் தந்தை குப்புசாமியின் பெயரில், புல எண்கள் 124/1, 124/2 ஆகியவற்றில் மொத்தம் 1.50 ஏக்கர் (1 ஏக்கர் 50 சென்ட்) நிலம் உள்ளது. கீழ்பவானிக் கால்வாயின் (எல்.பி.பி.) கிளை வாய்க்கால் மூலம் இந்நிலம் பாசனம் பெற்றுவந்தது. 03.04.2024 முதல் தண்ணீர் வரவில்லை. காரணம் தெரியவில்லை.’

புதிதாக எதையும் சேர்க்கவில்லை, கிளை வாய்க்கால் என்பதைத் தவிர. அதையும் மனுதாரரிடம் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். நேரடி மடையாகவும் இருக்கலாம். எல்.பி.பி. மனுவில் மறுபடி வரப்போவதில்லை என்றால் அடைப்புக்குள் உள்ளதையும் எடுத்துவிடுங்கள். நீளமான ஒரு வாக்கியம் நான்காக உடைந்ததைக் கவனியுங்கள். அலுவலர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு டிக் போட முடிகிற மாதிரி இருந்தால் மனு வேகமாக நகரும்.

12. மூன்று தனித்தனி வாசிப்பு

முதல் வாசிப்பில் பெயர்களை மட்டும் பாருங்கள். அனுப்புநர், பொருள், உள்ளடக்கம், கையெழுத்துக்குக் கீழே அடைப்புக்குள் வரும் பெயர், எல்லாம் ஒன்றாக இருக்கிறதா? கதையைப் படித்துக்கொண்டே பெயரைச் சரிபார்க்க முடியாது. கண் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது வாசிப்பில் எண்கள். ஆவணத்தை ஒருவர் வாசிக்க இன்னொருவர் மனுவில் விரல் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. மனுதாரரையே வாசிக்கச் சொல்லலாம்.

மூன்றாவதாக வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். நிறுத்தம் இல்லாத இடத்தில் காற்புள்ளி இருந்தால் எடுங்கள்.

அப்புறம் ‘இப்படிக்கு,’ என்பதற்குக் கீழே கையெழுத்து. இடம், நாள் இரண்டும் இடது பக்கம். ‘இணைப்பு:’ என்று போட்டு நகல்களை எண் போட்டு வரிசைப்படுத்துங்கள். கையெழுத்துப் போட்டபின் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து மனுதாரர் கையில் கொடுங்கள். அடுத்த மனுவுக்குப் ‘பார்வை’ எழுத அந்தச் சீட்டில் உள்ள எண்ணும் நாளும்தான் வேண்டும்.